கண்ணுக்குத் தெரியாத பெட்ரோல் ஓஸையும் மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழை பெய்து கண்மாய்கள் நிறைந்திருக்கும் காலத்தில் மதுரையைச் சுற்றி இன்னும் நாலு இடத்தில் மோட்டார் படகு விட்டால், விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரு போக்கிடம் இருக்கும் என்று சென்ற வாரம் வாசகர் கடிதத்தில் ஒரு அன்பர் எழுதியிருந்தார். நல்ல யோசனை. லைஃப் ஜாக்கெட் வேண்டும், படகு தாங்குகிற அளவுக்குத்தான் ஆள் ஏற்ற வேண்டும், நீச்சல் தெரிந்த இரண்டு பேர் கரையில் நிற்க வேண்டும் என்று அவர் கேட்டிருந்ததும் சரிதான். 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. ஆனால் அவர் கடிதத்தில் பெட்ரோலைப் பற்றியோ, அது போகிற ரப்பர் குழாயான ஓஸைப் பற்றியோ ஒரு வரி இல்லை. படகு என்றாலே தண்ணீரில் மூழ்குகிற பயம்தான் நமக்கு வருகிறது, நெருப்புப் பிடிக்கும் என்று தோன்றுவதில்லை. அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு விரகனூர் ரிங் ரோட்டுக்குப் பக்கத்தில் பட்டறை. கோ.புதூர் அரசு ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு 31 வருடமாக இதே தொழில். பம்புசெட், ஜெனரேட்டர்தான் முக்கால்வாசி வேலை. ராமேசுவரம் ரோடு எங்கள் பக்கமாகப் பிரிவதால், கடற்கரை ஊர்களில் இருந்து அவுட்போர்டு எஞ்சின்களும், அதாவது படகின் பின்னால் வெளியே மாட்டுகிற எஞ்சின்களும் வரும். எஞ்சினை மட்டும் கழற்றி மினி லாரியில் போட்டுக் கொண்டுவருவார்கள். முழுப் படகு வருவது அபூர்வம்.

போன ஆனி மாதம் முழுப் படகே வந்தது. 19 அடி ஃபைபர் படகு, தொண்ணூறுகளில் செய்தது, டிரெய்லரில் ஏற்றி வந்தார்கள். கடற்கரையில் தங்கும் விடுதி வைத்திருப்பவர் அதை இரண்டாம் கையாக வாங்கி, விடுதிக்கு வருகிற குடும்பங்களை ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். டெக்குக்கு அடியில் 90 லிட்டர் அலுமினிய டேங்க், பின்னால் அவுட்போர்டு எஞ்சின். “அண்ணே, கொஞ்ச தூரம் நல்லா போகுது. ஆக்சிலேட்டர முழுசா குடுத்தா மூச்சு வாங்குது. கார்புரேட்டர் கிளீன் பண்ணியாச்சு, ஃபில்டர் மாத்தியாச்சு, ஓஸும் மாத்தியாச்சு” என்றார். ஓஸ் மாற்றியதற்கு ஒரு பட்டறையின் பில்லையும் காட்டினார்.

நான் எஞ்சின் பக்கம் போகவே இல்லை. டெக்கில் ஏறி, பேட்டரி இருந்த பெட்டியின் மூடியைத் திறந்தேன். பெட்ரோல் வாசனை முகத்தில் அடித்தது. “வெயில்ல நிக்கிற வண்டின்னா வாசன வரத்தானண்ணே செய்யும்” என்றார் அவர். அதைக் கேட்டதும் எனக்கு உள்ளே பதறியது. அந்தப் பெட்டியின் மேல் போன வாரம் வரை ஐந்து வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்து போயிருக்கிறார்கள்.

வாகனத்துக்கும் படகுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். பைக்கிலோ காரிலோ ஓஸ் லேசாகக் கசிந்தால் கீழே சொட்டும், ஆவியைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். படகு ஒரு அண்டா மாதிரி. அடியில் ஓட்டை கிடையாது, இருக்கவும் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நாலு மடங்கு கனம். அது மேலே போகாது, படகின் அடிவயிற்றில் இறங்கித் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும். சமையல் கேஸ் கசிந்தால் தரையோடு தரையாகப் பரவும், சுவிட்சைத் தொடாதே, கதவைத் திறந்து வை என்று இன்று எல்லா வீட்டிலும் சொல்கிறோம். பெட்ரோல் ஆவியும் அப்படித்தான். காற்றில் ஒன்றரை சதவீதம் கலந்தாலே போதும், ஒரு சின்னப் பொறியில் பற்றிக்கொள்ளும். அந்தப் பொறியைக் கொடுக்க, அதே அடிவயிற்றில் பேட்டரி இருக்கிறது, தண்ணீர் இறைக்கிற சின்ன மோட்டார் இருக்கிறது, தளர்ந்து போன வயர்கள் இருக்கின்றன.

சரி, ஓஸுக்கு வருகிறேன். எஞ்சின் பக்கத்தில் ஒரு இரண்டு அடிக்குப் புது ஓஸ் பளபளவென்று தெரிந்தது. பெட்ரோல் ஊற்றுகிற மூடிக்குக் கீழேயும் ஒரு அடிக்குப் புதுசு. நடுவில் டெக்குக்கு அடியில் போகிற பத்து, பன்னிரண்டு அடியைப் பார்க்க வழியே இல்லை. அந்தப் படகைச் செய்தவர்கள் டேங்கை வைத்து, ஓஸ்களை மாட்டி, அப்புறம் மேலே டெக்கை ஒட்டி மூடிவிட்டார்கள். கை விடுவதற்குப் பின் இருக்கைக்குக் கீழே ஒரே ஒரு ஓட்டை, நாலு அங்குலம்.

என் தங்கை மகன் என்னிடம்தான் வேலை பழகுகிறான், பத்தொன்பது வயது, ஒல்லி. “மாப்ள, கைய விட்டு டேங்க் வரைக்கும் தடவிப் பாரு” என்றேன். தோள் வரைக்கும் விட்டான். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “மாமா, ஓஸு பிசுபிசுன்னு தார் மாதிரி கையில ஒட்டுது. நடுவுல ஒரு ஜாயிண்டு இருக்கு மாமா” என்றான். வெள்ளை வேட்டித் துணி ஒன்றைக் கையில் சுற்றிக்கொண்டு மறுபடி விட்டுத் துடைக்கச் சொன்னேன். வெளியே வந்த துணி கறுத்திருந்தது, முகர்ந்தால் பச்சை பெட்ரோல். சொட்டுச் சொட்டாகக் கசிவது ஒரு விஷயம். ரப்பர் முழுதும் ஊறி, அதன் உடம்பு வழியாகவே ஆவி வெளியேறுவது இன்னொன்று. இந்த இரண்டாவதில் எங்கும் ஈரம் தெரியாது, டேங்கில் அளவும் பெரிதாகக் குறையாது. இந்தத் துணிச் சோதனையில் பிடிபடும். படகு வைத்திருக்கிற யாரும் ஐந்து நிமிடத்தில் செய்து பார்க்கலாம், ஒரு பைசா செலவில்லை.

முந்தின பட்டறைக்காரர் என்ன செய்திருக்கிறார் என்றால், கைக்கு எட்டிய இடத்தில் பழைய ஓஸை அறுத்து, பித்தளை இணைப்பு ஒன்றைச் செருகி, எட்டிய வரைக்கும் புது ஓஸ் போட்டுவிட்டு, முழு ஓஸும் மாற்றியதாக பில் எழுதிவிட்டார். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் புதிதாக இரண்டு ஜாயிண்டும் கூடிவிட்டது. போட்டதும் காருக்குப் போடுகிற ஓஸ். கஷ்டமான வேலைதான், எனக்குத் தெரியும். ஆனால் முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பில்லை நம்பித்தான் ஒரு வருடமாக அந்த விடுதிக்காரர் ஜனங்களை ஏற்றியிருக்கிறார்.

ஓஸ் எதற்கு இப்படித் தாராக மாறுகிறது? வயது ஒரு காரணம். பத்து வருடத்துக்கு மேல் பெட்ரோலில் ஊறின ரப்பரை நம்பக் கூடாது. அதோடு இப்போது பெட்ரோலே மாறிவிட்டது. 2023-இல் சில பங்குகளில் தொடங்கிய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இன்று எல்லா ஊரிலும் வந்துவிட்டது. அந்தக் காலத்து ஓஸ்கள் எத்தனாலை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் பட்டதும் உள் ரப்பர் உப்பும், அடுக்கு பிரியும். இந்தப் படகில் எஞ்சினுக்குப் போகிற ஓஸை அறுத்துப் பார்த்தபோது, உள்ளே இருந்த தோல் கழன்று நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மெதுவாகப் போனால் பெட்ரோல் அதை ஒதுக்கிக்கொண்டு போகிறது. எஞ்சின் வேகமாக உறிஞ்சினால் அந்த நாக்கு வழியை அடைக்கிறது. அவர் சொன்ன மூச்சு வாங்கல் அதுதான்.

மாற்றின விதத்தையும் எழுதுகிறேன், இந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாராவது படித்தால் உதவும்.

முதலில் பேட்டரியின் இரண்டு வயரையும் கழற்றிப் பேட்டரியையே வெளியே எடுத்துவிட்டோம். கைப்பம்பு வைத்து டேங்கில் இருந்த பெட்ரோலைப் பட்டறைக்கு வெளியே வெட்டவெளியில் கேன்களில் இறக்கினோம். டேங்க் காலியானதும் ஆபத்து போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். காலி டேங்கில்தான் ஆவி நிறைந்திருக்கும், நிறைந்த டேங்கைவிட அதுதான் மோசம். மூடிகளை எல்லாம் திறந்து மூன்று நாள் காற்றாட விட்டோம். டெக்கில் புதிதாக இரண்டு வழி வெட்ட வேண்டியிருந்தது. கிரைண்டர் வைத்தால் பத்து நிமிட வேலை. நான் கரண்ட் சாமான் எதையும் பக்கத்தில் கொண்டுவர விடவில்லை. டேங்க் எங்கே முடிகிறது என்று அளந்து கோடு போட்டு, கையால் துளைபோட்டு, ஆக்சா பிளேடை நுழைத்து, நானும் பையனும் மாறி மாறி அறுத்தோம். அரை நாள் ஆனது. ஃபைபர் தூள் உடம்பெல்லாம் அரித்தது.

வெளிச்சத்துக்கு லைட்டும் வைக்கவில்லை. காலை பத்து மணி வெயிலை ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியில் பிடித்து, வெட்டின ஓட்டை வழியாகப் பையன் உள்ளே அடித்தான். இன்னொரு சின்னக் கண்ணாடியைக் குச்சியில் கட்டி நான் உள்ளே பிடித்தேன். அப்போதுதான் டேங்கின் மூக்கை, அதாவது ஓஸ் மாட்டுகிற குழாய் முனையைச் சரியாகப் பார்த்தோம். ஊற்றுகிற ஓஸ் ஒன்றரை அங்குலம், உள்ளே சுருள் கம்பி வைத்தது. வளைவில் ரப்பர் கோடை காலத்துக் கண்மாய்த் தரை மாதிரி வெடித்திருந்தது, வெடிப்புக்குள்ளே கம்பி துருப்பிடித்துச் சிவப்பாகத் தெரிந்தது. மேலே இரண்டு கிளிப் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான். அதையும் விரலால் சுற்ற முடிந்தது.

பழைய ஓஸை டேங்க் மூக்கிலிருந்து பிடித்து ஆட்டி இழுக்கவே கூடாது. அலுமினிய மூக்கு, வெல்டிங்கில் விரிசல் விட்டால் டேங்கையே வெளியே எடுக்க வேண்டும், அதற்கு டெக் முழுவதையும் உரிக்க வேண்டும். கொக்கி மாதிரி வளைந்த கத்தி முனையை நீளக் குச்சியில் கட்டி, ஓஸை நீளவாக்கில் கீறிவிட்டால் தானாக வாயைத் திறந்து வந்துவிடும். கம்பி வருகிற இடத்தில் மட்டும் சின்னக் கட்டர் வேண்டும்.

ஆனால் டேங்க் மூக்கிலிருந்து கழற்றினோமே தவிர, பழைய ஓஸை உடனே வெளியே உருவவில்லை. அதுதான் வழிகாட்டி. பக்கவாட்டுச் சட்டத்துக்கும் ஃபோமுக்கும் நடுவில் அது போன பாதை போய்விட்டால், புதுசை நுழைக்கவே முடியாது. பழசின் வாலில் புதுசின் தலையைக் கட்டி இழுக்க வேண்டும். முதல் தடவை நான் டேப் மட்டும் சுற்றி இழுத்தேன், மூன்று அடி உள்ளே போனதும் டேப் உருவிக்கொண்டது. நல்லவேளை, பழைய ஓஸுக்குள்ளேயே முன்கூட்டி நைலான் கயிறு ஒன்றை விட்டு வைத்திருந்தேன், பாதை போகவில்லை. மறுநாள் பக்கத்து லேத்தில் ஓஸின் உள் அளவுக்கு ஒரு மரக்கட்டை கடைந்து வாங்கி, பாதி பழசிலும் பாதி புதுசிலும் செருகி, இரண்டு பக்கமும் கட்டுக்கம்பியால் இறுக்கி, மேலே டேப் சுற்றி, வழியெல்லாம் சோப்புத் தண்ணீர் ஊற்றினோம். நான் முன்னால் இழுக்க, பையன் பின்னால் ஓஸைத் திருகித் திருகித் தள்ளினான். வெடுக்கென்று இழுத்தால் போச்சு. தெப்பத்து வடம் இழுக்கிற மாதிரி ஒரே சீராக வர வேண்டும். ஓஸ் வளைவைத் தாண்டி டேங்க் பக்கம் தலையைக் காட்டியபோது பையன் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஆவி வெளியேறுகிற சின்ன ஓஸும் எஞ்சின் ஓஸும் அதே வழியில் சுலபமாக வந்துவிட்டன. ஆவி ஓஸில் ஒன்று கவனிக்க வேண்டும், நடுவில் தொட்டில் மாதிரி தொங்கக் கூடாது. தொங்கினால் பள்ளத்தில் பெட்ரோல் நின்று காற்றை அடைக்கும், ஊற்றும்போது திரும்பி முகத்தில் பீச்சும்.

புது ஓஸைக் கொச்சியிலிருந்து வரவழைத்தேன். காருக்குப் போடுகிறதைவிடப் பல மடங்கு விலை. படகுக்கென்று செய்த பெட்ரோல் ஓஸின் மேலேயே எஸ்ஏஇ ஜே1527 என்று தர எண் அச்சிட்டிருக்கும், ஏ1, ஏ2, பி1, பி2 என்று வகையும் இருக்கும். ஏ வகையில் ஐஎஸ்ஓ 7840 என்றும் இருக்கலாம். ஏ என்றால் நெருப்புப் பட்டாலும் இரண்டரை நிமிடம் தாங்க வேண்டும், பி-க்கு அந்தச் சோதனை கிடையாது. இரண்டரை நிமிடம் என்பது எஞ்சினை நிறுத்தி, பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கப் போதுமான நேரம். 1 என்றால் ஆவி கசிவு குறைவு, 2 என்றால் அதைவிட அதிகம். ஏ1-15 என்று இருந்தால் இன்னும் நல்லது. ஒரு சதுர மீட்டர் ஓஸிலிருந்து ஒரு நாளைக்கு 15 கிராமுக்கு மேல் ஆவி போகாது, சாதாரண ஏ1-இல் 100 கிராம் வரை போகலாம். காலமெல்லாம் மூடிய டெக்குக்கு அடியில் கிடக்கப் போகிற ஓஸுக்கு இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கிளிப்பிலும் ஏமாற வேண்டாம். பட்டை ஸ்டெயின்லெஸ், திருகு மட்டும் சாதா இரும்பு என்று நிறைய விற்கிறார்கள், உப்புக்காற்றில் அந்தத் திருகு ஒரு வருடத்தில் உதிர்ந்துவிடும். கடையிலேயே ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், திருகில் ஒட்டினால் வேண்டாம். ஊற்றுகிற ஓஸுக்கு ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளிப் போட்டோம், திருகுத் தலை எல்லாம் புதிதாக வெட்டின வழியைப் பார்த்து இருக்கும்படி. அடுத்து வருகிற மெக்கானிக்கின் ஸ்பானர் எட்ட வேண்டும் அல்லவா. பெட்ரோல் மூடிக்கும் டேங்குக்கும் இடையில் இருக்க வேண்டிய எர்த் வயர் அறுந்து கிடந்தது, அதையும் போட்டோம்.

கடைசியில் பத்து லிட்டர் மட்டும் ஊற்றி, பெட்ரோலை எஞ்சினுக்கு ஏற்றுகிற ரப்பர் பல்பைக் கையால் அழுத்தி, ஒவ்வொரு ஜாயிண்டிலும் பழைய பேப்பரைச் சுற்றி ஒரு இரவு விட்டோம். ஒரு சொட்டுப் பட்டாலும் பேப்பரில் திட்டு தெரியும். காலையில் எல்லாப் பேப்பரும் காய்ந்திருந்தது. அப்புறம்தான் பேட்டரியை மாட்ட விட்டேன். மொத்தம் ஒன்பது நாள். மூடி திறந்தபோது வாசனை இல்லை. அதை அந்த விடுதிக்காரர்தான் முதலில் சொன்னார், பெட்டிக்குள் தலையை விட்டு இரண்டு மூன்று தடவை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு.

இதை வைத்து நான் கேட்பது இதுதான். கண்மாயோ அணையோ கடலோ, காசு வாங்கி ஜனங்களை ஏற்றுகிற ஒவ்வொரு பெட்ரோல் படகிலும் மூடியிலிருந்து எஞ்சின் வரை முழு ஓஸும் என்றைக்கு மாற்றினார்கள், என்ன வகை என்பது எழுத்தில் இருக்க வேண்டும். படகுப் பராமரிப்புக்கு டெண்டர் விடும்போது எஞ்சின் சர்வீஸ், பெயிண்ட் என்று மட்டும் எழுதாமல், எட்டாத ஓஸ்கள் உட்பட என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் எட்டின இரண்டு அடிதான் மாறும். உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021-இல் வந்து, எஞ்சின் வைத்த படகுகளுக்குப் பதிவும் ஆய்வும் வேண்டும் என்கிறது. ஆய்வுக்கு வருகிறவர் கையில் ஒரு வெள்ளைத் துணி இருந்தால் போதும், நான் மேலே சொன்ன சோதனையை அவரே செய்துவிடலாம்.

இந்தப் பக்கத்தில் ஃபைபர் படகு கட்டுகிற தம்பிமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். டேங்க் மூக்குக்கு நேர் மேலே டெக்கில் கை நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு விட்டு, ரப்பர் வைத்த மூடி போட்டுக் கொடுங்கள். கட்டும்போது அது ஒரு மணி நேர வேலை. இருபது வருடம் கழித்து அதையே வெட்ட எங்களுக்கு அரை நாள் ஆகிறது, பயந்துகொண்டே வெட்டுகிறோம். படகு ஓட்டுகிறவர்கள், மூடிய எஞ்சின் அறை இருக்கிற படகாக இருந்தால், ஸ்டார்ட் பண்ணும் முன் ஆவியை வெளியே தள்ளுகிற புளோவர் விசிறியை நாலு நிமிடமாவது ஓடவிட்டு, மூடியைத் திறந்து மூக்கால் ஒரு தடவை பார்த்துவிட்டு, அப்புறம் சாவியைத் திருப்புங்கள்.

உங்கள் நிருபர்கள் அடுத்த முறை படகு சவாரி பற்றிச் செய்தி எடுக்கப் போகும்போது, ஜாக்கெட் எத்தனை இருக்கிறது என்று கேட்பதோடு, ஓஸ் எப்போது மாற்றினீர்கள் என்றும் கேட்கச் சொல்லுங்கள் ஐயா. நாலு தடவை பேப்பரில் வந்தால் ஐந்தாவது தடவை அவர்களே மாற்றி வைத்திருப்பார்கள்.

அந்தப் படகிலிருந்து எடுத்த பழைய ஓஸைப் பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டி வைத்திருக்கிறேன், வெடித்த வளைவும் உள்ளே தொங்குகிற தோலும் தெரிகிற மாதிரி. படகு வைத்திருப்பவர்கள் யார் வேண்டுமானாலும் வந்து தொட்டுப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமையும் பட்டறை திறந்திருக்கும்.

இப்படிக்கு,
படகு எஞ்சின் மெக்கானிக் ஒருவர்,
விரகனூர், மதுரை.